தண்ணீர் நீட்டும் கை
கானா நாட்டின் குமாசி நகரில் மதிய வெயில் ஏறியிருக்கிறது. மின்சாரம் போய் மின்விசிறி நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே வேன்காரர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவுகிறார்கள். செர்வா வியர்வையைக்கூடத் துடைக்காமல், தான் வரைந்த படத்தையே முறைத்துக்கொண்டிருக்கிறாள். படத்தில் ஒரு சிறுமி, வீட்டுக்கு வந்த பெரியவருக்குத் தண்ணீர்க் குவளையை நீட்டுகிறாள். "பீச்சாங்கையால குடுக்கறா பாரு. இந்தப் புஸ்தகத்த எந்தத் தாய் வாங்குவா?" என்கிறார் பதிப்பாசிரியர் பொக்குவா, பொரித்த வாழைப்பழத்தை மென்றபடி. "நான் சோத்துக்கையாலதான் ஆன்ட்டி குடுக்க வச்சேன். புள்ள அடுத்த பக்கத்தப் பாத்து நடக்கணும்னு நீங்கதானே படத்தையே கண்ணாடியில பாக்கற மாதிரி இடம் வலமா மாத்தச் சொன்னீங்க? அதுல கையும் மாறிடுச்சு." "நடக்கச் சொன்னேன். மரியாதை கெட்டுத் திரியச் சொல்லல." "எந்தக் கையால குடுத்தா என்ன, தண்ணி தண்ணிதானே?" "அத உங்கம்மாகிட்ட கேளு." செர்வா பல்லைக் கடிக்கிறாள். அம்மாவின் மரக்கரண்டி சின்ன வயதிலேயே அவளுடைய இடது கையில் பதில் சொல்லிவிட்டது. சிறுமியின் சிரிப்பையும் குவளையின் ஈரத்தையும் வரைந்தது அந்தக் கைதான். "இந்தா, இன்னிக்கே மாத்திக் குடு" என்று பொக்குவா படத்தை நீட்டுகிறார். செர்வாவின் வலது கையில் வண்ணக் கிண்ணம் இருக்கிறது. இடது கை சும்மாதான் இருக்கிறது. அவள் அவசரமாகக் கிண்ணத்தைத் தொடையிடுக்கில் செருகிக்கொண்டு வலது கையை நீட்டுகிறாள். மடியெல்லாம் நீலம் கொட்டுகிறது.