இலையுதிர் காட்டு மாப்பிள்ளை

தரகர் கொடுத்தனுப்பிய கலர்ப்படத்தை ஏரம்பு மகளிடம் நீட்டினார்.

"பின்னாலை பார் சீதேவி, இலையுதிர் காலத்துக் காடு. கேக்கவே தேவையில்லை, மாப்பிள்ளை கனடாவிலதான்."

சீதேவி படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். கிட்டத்து இலைகள் தடித்த சிவப்பு. தூரத்து மரங்கள் பனிப்புகாரில் கரைந்த மஞ்சள். நடுவே தனித்த பாதையில் அவன் சிரித்துக்கொண்டு நின்றான்.

"எனக்குச் சம்மதம் அப்பா."

"தீவை விட்டுப் போகமாட்டன் எண்டெல்லே அழுதனீ?"

"இப்பவும் போகமாட்டன். அந்தப் புகாருக்கை நிக்கிற மரத்தை வடிவாய்ப் பாருங்கோ."

"பனை! கனடாவில பனையோ?"

"இது எங்கட ஊர்காவற்றுறை ஸ்டூடியோவில தொங்கிற திரைச்சீலை அப்பா. போன மாசம் நான்தான் தூரிகை பிடிச்சுக் கீறிக் குடுத்தனான். கைப்பழக்கத்தில பனையும் வந்திட்டுது."

ஏரம்பு படத்தைத் திரும்ப வாங்கி, முதல் தடவையாக மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.