தோல் காயும் நேரம்

"தப்பக் காய்ச்சி வையிடி. இவள ஒரு கை பாத்துட்டு வர்றேன்."

சிவனு கதவை உள்ளே தாழிட்டான். பெல்ட்டின் முதல் அடி விழுந்தது.

மகள் நிவேதிகா பஸ் ஹோல்ட்டில் ஒருவனோடு பேசிக்கொண்டு நின்றாளாம். எவனோ பற்றவைத்துவிட்டுப் போய்விட்டான்.

அந்தியில் சாமி புறப்பாடு. சிவனுதான் தப்படிக்க வேண்டும். தோட்ட லயத்து வாசலில் அவன் பெண்சாதி தர்ஷிகா சருகையும் பழைய பேப்பரையும் கொளுத்தினாள்.

ஹுன்னஸ்கிரிய மலைப் பனியில் தப்பின் தோல் தொய்ந்து கிடந்தது. தட்டிப் பார்த்தாள். 'தொம்' என்றது. அந்தச் சத்தம் அடுத்த வீட்டுக் காம்பராவைக்கூடத் தாண்டாது.

உள்ளே இரண்டாவது அடி. மூன்றாவது.

கத்தினால் யாரும் வரமாட்டார்கள். பதினெட்டு வருஷம் அவளே கத்திப் பார்த்தவள்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பாலம்மா டீவி சத்தத்தைக் கூட்டிவைப்பாள். குடும்ப விஷயமாம். நாசமாய்ப் போன நியாயம்.

நெருப்புக்கு மேல் தப்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். அவசரப்பட்டால் தோல் கருகி வெடித்துவிடும்.

"அம்மா" என்று ஒரு தரம் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

தப்பை இன்னொரு சுற்று காட்டினாள்.

சுண்டினாள். 'ணங்' என்றது.

பெண்கள் தப்பைக் காய்ச்சலாம், அடிக்கக்கூடாது. அவள் தோளில் மாட்டினாள். வலக்கையில் அடிக்குச்சி, இடக்கையில் சிம்புக்குச்சி. புருஷன் அடிக்க அடிக்கக் காதில் ஏறிய பாடம்தான்.

அடித்தாள்.

சாமி அடி இல்லை. சாவு அடி.

உள்ளே பெல்ட் நிற்கவில்லை. கசிப்புச் சாராயம் ஏறிவிட்டால் சிவனுவுக்குக் காது கிடையாது.

லயத்துக் கதவுகள் படபடவென்று திறந்தன. சாவுத் தப்பு கேட்டால் ஜென்மப் பகையாளிகூட வீட்டுக்குள் இருக்கமாட்டான். அது தோட்டத்துக் கட்டுப்பாடு. ஆண்கள் குழி வெட்ட மம்பட்டியோடு ஓடிவந்தார்கள்.

பாலம்மா நெஞ்சில் கைவைத்து, செத்தது யாரென்று கேட்டாள்.

தர்ஷிகா குச்சியை நிறுத்தவில்லை.

"இன்னும் யாருமில்லக்கா. கதவ ஒடைக்கச் சொல்லுங்க. இல்லேன்னா போயி குழிய வெட்டச் சொல்லுங்க."

பக்கத்தில் நின்றவன் கையிலிருந்த மம்பட்டியைப் பாலம்மா பிடுங்கினாள்.