ஜாக்கியின் மேல் நிற்கும் வீடு

மதிய வெயில் சக்கரங்களுக்கிடையே மஞ்சள் கோடாகப் படுத்திருக்கிறது. அதனருகே, படுக்கையும் அடுப்புமாய்க் குடும்பம் வாழும் பழைய வேனின் அடியில், தன் வீட்டுக்குள் ஒடுங்கிய ஆமையைப் போல மருமகன் கிடக்கிறான். தொங்கிப்போன பின்பகுதியை ஜாக்கி தாங்குகிறது. ஜாக்கிக்கும் வண்டிக்கும் இடையில் வைத்த மரக்கட்டை மெல்ல முனகுகிறது. வண்டியின் பாரம் தாங்கும் புதிய பட்டை ஸ்பிரிங்கின் ஒரு முனை பொருந்திவிட்டது. மறுமுனைத் துளை மயிரிழை விலகி நிற்க, போல்ட் நுழைய மறுக்கிறது. அப்போது அவன் முகத்துக்கு நேர்மேலே பலகை கிறீச்சிடுகிறது. வெளியே, ஸ்பானருடன் நிற்கும் மனைவி நிமிர்ந்து பார்க்கிறாள். வேனையே வீடாக்கிக்கொண்டவர்களால்தான் இப்பிழையைச் செய்யமுடியும்: சாமான்களையெல்லாம் இறக்கிவைத்துவிட்டு, உள்ளே தூங்கிய மனைவியின் தாயை மறந்திருக்கிறார்கள்.

"அசையாதம்மா! அவர் அடியில இருக்கார்!"

காலடி ஓசை நிற்கிறது. கட்டையில் விரிசல் ஓடுகிறது. இமைகளில் உதிர்ந்த தூசியைச் சிமிட்டிவிட்டு அவன் பார்க்கிறான்: விலகியிருந்த துளைகள் இரண்டும் மேலே நிற்பவரின் பாரத்தில் வெளிச்சம் ஊடுருவ ஒரே வட்டமாகத் தெரிகின்றன.

"அத்தை, அங்கேயே நில்லுங்க. மூச்சக்கூட மெதுவா விடுங்க."

"வண்டி தொங்குறதே என்னாலதான்னு காலையில சொன்னீங்களே, மாப்பிள்ளை?"

"இப்பவும் அதேதான் சொல்றேன். கொஞ்சம் தொங்கவிடுங்க, அத்தை."

சுத்தியல் ஒருமுறை விழுகிறது, மறுமுறை விழுகிறது. போல்ட் வழுக்கி உள்ளே போகிறது. மனைவி அவன் கால்களைப் பற்றி இழுக்கிறாள். அவன் முகம் வெயிலுக்கு வந்ததும் கட்டை இரண்டாகப் பிளக்கிறது. வண்டி தடாலென இறங்கி, ஒருமுறை குலுங்கி, நேராக நிற்கிறது.

"மாப்பிள்ளை," என்கிறது உள்ளிருந்து ஒரு மெல்லிய குரல், "இப்ப மூச்சு விடலாமா?"