பின்னால் வந்தவன்

"அந்த ஆள் இன்னைக்கும் நிக்கிறான். இன்னைக்கு ஒருநாள் கோர்ட்டுக்குப் போகாதீங்க," என்று ஜன்னலோரம் நின்று கணவரிடம் கெஞ்சினாள் லெனோரா.

அலபாமாவின் வெள்ளையர் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று கூட்டாட்சி நீதிபதி டன்பார் தீர்ப்பளித்த மறுநாள், அவர் வீட்டு வாசலில் குண்டு வெடித்தது. அன்றிலிருந்து அந்த ஆள் அவரைப் பின்தொடர்கிறான்.

"நான் பயந்து உட்கார்ந்தா குண்டு வெச்சவன் ஜெயிச்சிடுவான்மா," என்று கிளம்பிவிட்டார் டன்பார்.

தெருமுனையில் காலடிச் சத்தம் நெருங்கியது. மனதுக்குள் ஜெபித்தபடி சட்டென்று திரும்பினார். முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. கள்ளச்சாராய வழக்கில் அவரே சிறைக்கு அனுப்பிய பூன்!

"பழிவாங்கத்தானே வந்திருக்கே? சுடறதுன்னா என் முகத்தைப் பார்த்துச் சுடு."

"ஐயையோ! உங்க முதுகுல சுட வர்றவன் முதல்ல என்னைத் தாண்டணுமேங்க. அதுக்குத்தான் பின்னாடியே வர்றேன்."

"உன்னை ஜெயில்ல போட்டவன்யா நான்!"

"தப்புப் பண்ணேன், போட்டீங்க. ஆனா அரசு வக்கீல் என்னை 'டேய்'னப்போ, 'மிஸ்டர் பூன்னு கூப்பிடுங்க'ன்னு அதட்டினீங்களே! வெள்ளைக்காரங்க எங்கப்பாவைக்கூட அப்படிக் கூப்பிட்டதில்லீங்க."

டன்பாருக்குக் கண் கலங்கியது.

"பின்னாடி வேண்டாம், மிஸ்டர் பூன். என் பக்கத்துலயே நடந்து வாங்க."