மூன்றாவது கடிதம்

பன்னிரண்டு மணி நேர இரவு ஷிப்ட் முடிந்து, மோட்டார் சைக்கிளைக் கிளப்பப் போன தங்கராஜுவை கேட்டில் இருந்த கார்டு கை காட்டி நிறுத்தினார். அப்புத்துரை சார் உடனே வரச் சொன்னாராம்.

தங்கராஜுவுக்கு இரண்டு கண்ணும் மிளகாய்ப் பொடி தூவியது போல எரிந்தன. சூலியா தெருவில் ஒரு ரொட்டி சானாய், வீட்டில் ஒரு தலையணை, இதற்கு மேல் அன்றைக்கு அவன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிறவனுக்கு அதுவே பேராசை போலும்.

பயிற்சி அறையில் மேனேஜர் அப்புத்துரை நடந்துகொண்டிருந்தார். கையில் ஸ்லைடு புரொஜெக்டரின் ரிமோட். வயர் இல்லாதது, வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. சுவரோரமாக, கூட்டித் துடைக்கும் குணவதி மாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விஷயம் இதுதான். பதினோரு மணிக்குத் தலைமை அலுவலகத்துப் பெரியவர்கள் வருகிறார்கள். அப்புத்துரை படம் போட்டுப் பேச வேண்டும். அவருடைய பதவி உயர்வே அந்தப் பேச்சில்தான் தொங்குகிறது. நேற்று மாலை ஒத்திகையில் ஒழுங்காக வேலை செய்த ரிமோட், இன்று காலை செத்துக் கிடக்கிறது. புது பேட்டரி போட்டும் அசையவில்லை. காலையில் அறைக்குள் வந்த வேற்றாள் குணவதி ஒருத்திதான்.

“கீழ போட்டிருக்கிறா. கேட்டா வாய் திறக்கிறா இல்லை,” என்றார் அப்புத்துரை. கோபம் வந்தால்தான் அவருக்கு வீட்டு யாழ்ப்பாணத் தமிழ் வெளியே வரும். “நீர் கழட்டிப் பார்த்துச் சொல்லும். விழுந்து உடைஞ்சதெண்டா, இண்டைக்கே கடிதம் குடுக்கப்போறன்.”

கடிதம் டைப் அடித்து மேசைமேல் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

குணவதிக்கு அது மூன்றாவது எச்சரிக்கைக் கடிதம். மூன்று வந்தால் வேலை போச்சு. இரண்டாவது, போன வாரம்தான் வந்தது. ஆயுத பூஜையன்று பஞ்ச் கார்டு மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள் என்பது குற்றம். இது பெக்டரியா கோயிலா, இந்த மூட நம்பிக்கையெல்லாம் இங்கே கூடாது என்று அப்புத்துரை அன்றைக்குப் போட்ட சத்தம் கேண்டீன் வரைக்கும் கேட்டது.

ஐம்பத்திரண்டு வயதில் வேறு எந்த பெக்டரி அவளை எடுக்கும்? தங்கராஜு ரிமோட்டை வாங்கிக்கொண்டு தன் பட்டறைக்குப் போனான்.

நான்கு ஸ்குரூ. மூடியைப் பிரித்து, ரப்பர் பொத்தான்களைத் தூக்கினான். கீழே விழுந்த சாமான் பொய் சொல்லாது. மூலையில் ஒரு சிராய்ப்பாவது, போர்டில் ஒரு கீறலாவது இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. மீட்டரை வைத்துப் பார்த்தான். கரண்டும் சரியாக ஓடியது.

அப்புறம்தான் முன்பக்கத்து ஓட்டையைப் பார்த்தான். அதில் அரிசி மணி அளவுக்கு ஒரு சின்ன விளக்கு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அதன் வெளிச்சம்தான் புரொஜெக்டரிடம் சேதி சொல்லும். அந்த விளக்கின் தலையில் மஞ்சளாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது.

ஊசியால் சுரண்டி மோந்து பார்த்தான். சந்தனம். நடுவில் குங்குமச் சிவப்பும் கொஞ்சம்.

தங்கராஜுவின் தூக்கம் போன இடம் தெரியவில்லை. ரிமோட்டுக்கு நெற்றி எது என்று தேடி, சரியாக அதன் கண்ணிலேயே பொட்டு வைத்திருக்கிறார்கள். பிறகு யாருக்கும் தெரியாமல் விரலால் துடைத்தும் இருக்கிறார்கள். துடைத்ததில் சந்தனம் ஓட்டைக்குள் இறங்கிவிட்டது.

பட்டும் திருந்தாத ஜென்மம் என்று குணவதிமேல் எரிச்சல்தான் முதலில் வந்தது. உண்மையைச் சொன்னால் அவள் கதை முடிந்தது. அந்த எரிச்சலோடே பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, விளக்கைச் சுத்தமாகத் துடைத்தான். மூடி போட்டு எடுத்துப் போய் அழுத்திக் காட்டினான். திரையில் படம் மாறியது.

“உள்ள ஒரு சாலிடர் விட்டுப் போயிருந்துச்சு சார். தானா விட்டது. யாரும் கீழ போடல.”

அப்புத்துரை ரிமோட்டை வாங்கி முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். குரல் இறங்கியது.

“உள்ளுக்க வேற ஒண்டும் இருக்கேல்லையோ?”

“ஒண்ணும் இல்ல சார்.”

அவர் கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். குணவதியைத் திரும்பிப் பார்க்காமல் திரையின் பக்கம் போனார்.

பதினோரு மணிக்குப் பேச்சு தொடங்கியது. நடுவில் மறுபடி ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று தங்கராஜுவை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். படிக்கட்டில் சுவரில் சாய்ந்து கிடந்தவனுக்கு குணவதி பால் ஊற்றாத தே-ஓ தேநீர் கொண்டுவந்து நீட்டினாள்.

வாங்கிக்கொண்டே அவன் அலுப்போடு சொன்னான்: “அக்கா, பஞ்ச் கார்டு மெஷினோட நிறுத்திக்குங்க. ரிமோட்டுக்கெல்லாம் பொட்டு வைக்காதீங்கலா. இன்னிக்கு நான் பொய் சொல்லலன்னா உங்க வேல போயிருக்கும்.”

“நான் வைக்கல தம்பி.”

“பின்ன யாரு?”

மூடிய கதவுக்குப் பின்னால் அப்புத்துரையின் குரல் கணீரென்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. குணவதி அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தாள்.

“காலையில கூட்டலாம்னு கதவத் தொறந்தேன். அவரு அத மேசையில வச்சு, பொட்டு வச்சு, கண்ண மூடிக்கிட்டு நின்னாரு. என்னப் பாத்ததும் அவசரமா தொடச்சாரு.”

தங்கராஜு கோப்பையைக் கீழே வைத்தான். “மூணாவது லெட்டர மேசையில வச்சுக்கிட்டுக் கேட்டாரே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சாமிகிட்ட அழுதுக்கிட்டு நின்ன மனுசன, எப்படித் தம்பி நாலு பேரு முன்னால காட்டிக் குடுக்கிறது?”