தண்ணீர் நின்ற மட்டம்

"தண்ணி பொய் சொல்லாது முசியே. பொய் சொல்றது…"

அன்பழகன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரி கோவிந்தராசு சொன்னது. பிரெஞ்சுப் பழக்கம் விடாத அவர் காலத்துப் புதுச்சேரிக்காரர்களுக்கு எதிரே நிற்கிற எவரும் 'முசியே'தான். மிச்சத்தையும் சொல்லித்தான் இருப்பார். அது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

முதல் பாதி ஞாபகம் வந்த நேரம் அப்படி. வாய்க்காலோரத் தெருவில், பட்டப்பகலில், ஒரு மனிதர் சுவரில் சேற்றால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அதுவும் பளிச்சென்று வெள்ளையடித்த சுவரில்.

"என்னய்யா பண்றீங்க?"

அவர் திரும்பினார். முழங்கை வரை சேறு. காலடியில் வாளி.

"தண்ணி நின்ன எடத்தக் காட்டறேன் சார்."

"புயல் போயி நாலு வாரம் ஆச்சு. இது இன்னும் காயவே இல்ல!"

குழாயடியில் நின்ற குஞ்சம்மாள் சிரித்தாள். "இந்த வெள்ளம் இப்பத்தான் சார் வந்துச்சு. நம்ம கொத்தனாரு ஆதிமூலத்து வாளியிலேர்ந்து!"

மூன்றடிக்கு மேல் தண்ணீர் நின்ற வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டித் தருவதாக அரசு அறிவித்திருந்தது. சுவரில் படிந்த சேற்றுக்கோடுதான் சாட்சி. கணக்கெடுக்க வந்த அன்பழகன் காலையிலிருந்து இரண்டு கள்ளக்கோடுகளைப் பிடித்திருந்தார். இது மூன்றாவது.

பையைத் திறந்தார். மேலாக இருந்த ஒரு படிவத்தை மட்டும் மடித்து அடியில் செருகிவிட்டு, வேறொன்றை எடுத்தார்.

"ஆளாளுக்கு இப்படிக் கோடு போட்டா, நெசமா முழுகுனவனுக்கு எப்படிய்யா வீடு கெடைக்கும்? கொஞ்சமாவது கூச்சம் வேணாம்?"

அன்பழகன் 'போலிக் கோடு, நிராகரிக்கலாம்' என்று எழுதினார்.

"பேரு ஆதிமூலம். அப்பா பேரு?"

"என் பேர எதுக்கு சார் எழுதறீங்க? இது என் வீடு இல்லியே."

பேனா நின்றது.

கதவைத் திறந்துகொண்டு செல்வாம்பாள் வெளியே வந்தாள். "வீடு என்னுது சார். அவரு வீடு அந்தாண்ட." மறந்தும் ஆதிமூலம் பக்கம் பார்க்கவில்லை. "கூரைத் தண்ணி தகராறுல ஆறு வருசமா ரெண்டு வீட்டுக்கும் பேச்சு கெடையாது. எங்க செவுத்துல அவருக்கு என்ன வேலைன்னு நீங்களே கேளுங்க."

ஆதிமூலமும் அன்பழகனைப் பார்த்தே பேசினார். "கருமாதிக்கு வெள்ளையடிச்சாங்களே, கோடு அதுக்கு அடியில போயிடுமேன்னு ரோசன இருந்துச்சான்னு அவங்களக் கேளுங்க சார்."

வெள்ளம் வடிந்த ஐந்தாம் நாள் செல்வாம்பாளின் கணவன் தெய்வசிகாமணி காய்ச்சலில் போய்விட்டான். பதினாறாம் நாள் காரியத்துக்காக, உறவுக்காரர்கள் கூடி வீட்டை உள்ளும் புறமும் வெள்ளையடித்துவிட்டார்கள். கணக்கெடுக்க ஆள் வரும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

"கருமாதிக்கு வெள்ளையடிக்காத வீடு உண்டா சார்?" என்றாள் செல்வாம்பாள். "பின்செவுரு வயிறு தள்ளிக்கினு நிக்குது. எப்ப வுழுமோ. புள்ளைங்கள உள்ள வுடவே பயமா இருக்குது."

"போட்டோ ஏதாவது எடுத்து வெச்சீங்களா?"

"போனே தண்ணியிலதான் சார் போச்சு."

அன்பழகன் ஆதிமூலத்திடம் திரும்பினார். "எல்லாம் சரி. கோடு நீங்க போட்டதுதானே? உசரம் எப்படித் தெரியும்?"

ஆதிமூலம் தோளில் சுருட்டிப் போட்டிருந்த டியூபை இறக்கினார். கொத்தனார்கள் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கும் டியூப்.

"ஒரு முனைய எங்க வீட்டுக் கோட்டுல வெச்சு, உள்ள இருக்கிற தண்ணிய அதுக்கு நேரா நிறுத்துங்க. இந்த முனையில தண்ணி எங்க நிக்குதோ, அதான் சார் மட்டம்."

அன்பழகன் ஆதிமூலம் வீட்டுக்குப் போய் ஒரு முனையைப் பிடித்தார். அங்கே கோடு காய்ந்து வெடித்து, ஓரம் உதிர்ந்திருந்தது. நாலு வாரத்துக் கோடுதான், சந்தேகமில்லை. மறுமுனையைக் குஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

"புதுக்கோட்டு மேலயே நிக்குது சார். நூல் பெசகல."

டேப்பை எடுத்தார். செல்வாம்பாளின் வீடு பழசு, தரை பள்ளம். தரையிலிருந்து கோடு மூன்றடி மூன்று அங்குலம். ஆதிமூலம் வீட்டில் இரண்டடி ஒன்பது.

"உங்க வீடு மூணு அங்குலத்துல போச்சே."

"ஆமா சார்."

"செவுரு?"

"அதுவும் ஊறித்தான் கெடக்குது."

"கையில சேறு இருந்துச்சு. உங்க கோட்டையும் மூணு அங்குலம் ஏத்தியிருக்கலாமே."

ஆதிமூலத்துக்குக் கேள்வியே புரியவில்லை. "அங்க தண்ணி நிக்கலியே சார்."

அன்பழகன் முன்பு எழுதியதை அடித்துவிட்டு, செல்வாம்பாளின் பெயரை எழுதினார். பக்கத்தில் மூன்றடி மூன்று அங்குலம். அடுத்த படிவத்தில் ஆதிமூலம், இரண்டடி ஒன்பது. இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்.

செல்வாம்பாள் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து படியில் வைத்தாள்.

"கை கழுவிக்கச் சொல்லுங்க சார்."

தெருமுனைக்கு வந்தும் கோவிந்தராசு சொன்னதில் மிச்சம் ஞாபகத்துக்கு வரவில்லை. அன்பழகன் பையின் அடியில் செருகியிருந்த படிவத்தை எடுத்துப் பிரித்தார். அது அவருடைய சொந்த வீட்டுப் படிவம். முந்தின நாள் அவர் கையாலேயே நிரப்பியது.

'தண்ணீர் நின்ற உயரம்: மூன்றரை அடி' என்றிருந்ததை அடித்துவிட்டு, 'வாசற்படி ஏறவில்லை' என்று எழுதினார்.