உள்ளே யாரும் இல்லை

மூன்றாவது இயந்திரத்தின் கண்ணாடியில் டிரைவர் கட்டைவிரலை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

முப்பது வருடம் பஸ் ஓட்டிக் காய்த்துப்போன விரல். "லேசா தொட்டாப் போதும் சார்" என்றார் கடைக்காரர். டிரைவர் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டார். திரை விழித்துக்கொண்டது.

பக்கத்தில் நின்ற பெண், துணிக் கிடங்கின் பொறுப்பாளர், கையிலிருந்த தாளில் ஒரு டிக் போட்டார். முதல் இயந்திரத்தில் எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. இரண்டாவது, யாராவது தும்மினால் விழுந்துவிடும்போல ஒற்றைக்காலில் நின்றது. ஈர விரல், காய்ந்த விரல், கையுறை போட்ட விரல் எல்லாவற்றுக்கும் மசிந்தது இது ஒன்றுதான்.

பழைய துணிகளைப் பிரித்து, கிழிசலைத் தைத்து, இல்லாதவர்களுக்கு அனுப்பும் கிடங்கு அவருடையது. அவருடையது என்றால் சொந்தமில்லை. சாவி அவரிடம், பொறுப்பு அவரிடம், திட்டும் அவருக்கு. அங்கே தொண்டு செய்ய வருகிறவர்கள் வாசலிலேயே பெயரைப் பதிந்துவிட்டு உள்ளே போக ஒரு தொடுதிரை வாங்கத்தான் இருவரும் வந்திருந்தார்கள்.

முன்பு அதற்கு ஒரு நோட்டு இருந்தது.

தீப்பிடித்த அன்று பொறுப்பாளர் அந்த நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார். ரோட்டில் நின்று பெயர்களை உரக்கப் படித்தார். இருபத்து மூன்று பெயர். இருபத்து மூன்று பேரும் "இருக்கேன்" என்றார்கள். உள்ளே யாராவது உண்டா என்று தீயணைப்பு அதிகாரி கேட்டபோது, கொஞ்சமும் தயங்காமல் யாரும் இல்லை என்றார்.

பின்னறையில் தையல்காரம்மா இருந்தார். டிரைவரின் மனைவி.

நோட்டில் அவர் பெயர் இல்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். இறந்தவர் தன் வருகையைப் பதிவு செய்யவில்லை என்று அறிக்கையில் ஒரே வரி. அதோடு முடிந்தது.

ஐந்து மாதம் ஆகிறது. கிடங்குக்கு வேறு கட்டடம் கிடைத்துவிட்டது. மனைவியின் நினைவாகத் தானே இந்த இயந்திரத்தை வாங்கித் தருவதாக டிரைவர் வந்து நின்றபோது பொறுப்பாளரால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

"மறதிக்காரங்களை இது என்ன பண்ணும்?" டிரைவர் கடைக்காரரைக் கேட்டார். "நோட்டு வாசல்லயேதான் கெடந்துச்சு. நம்ம ஆளு திரும்பிக்கூடப் பார்க்காம போயிட்டா."

கடைக்காரருக்கு விஷயம் தெரியாது. உற்சாகமாக விளக்கினார். இதைக் கதவோடு இணைத்துவிடலாம். பெயர் பதியாமல் கதவு திறக்காது. வெளியே வருவதற்கு மட்டும் எப்போதும் தடையில்லை. உள்ளே இருப்பவர்களின் பட்டியல் அந்த நொடியே பொறுப்பாளரின் போனுக்கு வந்துவிடும். பொறுப்பாளரின் நம்பரைக் கேட்டு அதில் போட்டுவிட்டு, ஏதாவது ஒரு பெயரை அடித்துப் பாருங்கள் என்றார்.

டிரைவர் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார். திரையில் நல்வரவு என்று வந்தது. பொறுப்பாளரின் கைப்பையில் போன் ஒலித்தது.

எடுத்துப் பார்த்தார். உள்ளே இருப்பவர்கள்: ஒருவர். கீழே தையல்காரம்மாவின் பெயர்.

போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இதையே போட்டுருங்க" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு டிரைவர் பொறுப்பாளர் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்திருந்தது.

"அவ பண்ண காரியத்துக்கு நீங்க எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டியதாப் போச்சு. என் பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன், உங்கம்மா அலட்சியத்துக்கு அவங்களைக் குறை சொல்லாதேன்னு. அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்மா."

கை கூப்பினார்.

போன மாதம் பொறுப்பாளர் டிரைவரின் வீட்டு வாசல்வரை போய், காலிங்பெல்லைத் தொடாமலே திரும்பியிருக்கிறார். இப்போது டிரைவரே எதிரில் நிற்கிறார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான்.

"விடுங்கண்ணே" என்றுதான் வாயில் வந்தது.

கடைக்காரர் இடையில் புகுந்தார். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன் மேடம். பொறுப்புல இருக்கறவங்களுக்குன்னு தனியா ஒரு ரகசிய நம்பர் உண்டு. அவசரத்துக்கு யாரையாவது பேர் பதியாம உள்ள விடணும்னா, அதைப் போட்டு நீங்களே கதவைத் திறந்துக்கலாம். என்ன நம்பர் வைக்கட்டும்?"

"வேண்டாம்."

"எல்லாரும் கேட்டு வாங்கிக்குவாங்க மேடம். வேலை தலைக்கு மேல கெடக்கும்போது..."

"வேண்டாங்க. எனக்குக் குடுக்காதீங்க."

குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் மட்டும் மனம் நிறைந்து தலையசைத்தார்.

"பாத்தீங்களா, என்னா கண்டிப்பு! இவங்க பேச்சை மட்டும் அவ கேட்டிருந்தா இன்னிக்கு உசுரோட இருந்திருப்பா."

தையல்காரம்மா கேட்கத்தான் செய்தார்.

தீப்பிடித்த அன்று காலை வாசலில் நின்று, நோட்டைப் பிரித்து, பேனாவைத் திறந்தவரின் கையைப் பிடித்து நிறுத்தியது பொறுப்பாளர்தான். "அதெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம்க்கா, லாரி வந்து நிக்குது, மொதல்ல பின்னாடி போங்க" என்றார். சொன்னதை மதியத்துக்குள் சுத்தமாக மறந்தும் போனார்.

தையல்காரம்மா மறுபேச்சுப் பேசவில்லை. சரிம்மா என்று பேனாவை மூடி வைத்துவிட்டுப் போனார்.